ஆடியில போடாத கையெழுத்து

உக்காருங்க தம்பி. எங்க இம்புட்டு அவசரமா பேங்குக்குள்ள போறீங்க? வெள்ளிக்கிழமை, பத்தரை தாண்டிருச்சு. ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் உள்ள போயி ஒண்ணும் ஆகப் போறதில்ல. இப்படி இந்த ஜெராக்ஸ் கடை நிழல்ல உக்காருங்க. கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இந்தக் கொஞ்ச நாள்ல நான் எடுத்த ஜெராக்ஸ்லயே அவரு மிஷினை மாத்திட்டாரு. என்னண்ணே, சரிதான? பாத்தீங்களா, சிரிக்கிறாரு.

என்ன விஷயமா வந்தீங்க? நகை திருப்பவா? அட, அது நல்ல காரியம்ல! அதைப் போயி ராகு காலத்துலயா திருப்புவாக? திருப்புன நகை மறுபடியும் உள்ள போயிரும் தம்பி. சும்மா சொல்லலை. உக்காருங்க.

நான் மாயழகு. திருமங்கலத்துல மாயழகு பந்தல்னு கேட்டுப் பாருங்க. சாமியானா, சேரு, சீரியல் லைட்டு, வாசல்ல வாழை மரம், எல்லாம் நம்மதான். என் வீட்டம்மா உள்ளதான் இருக்கா. இந்திராணி. வீட்டுக் கடனுக்கு இன்னைக்குக் கையெழுத்து. ரெண்டு பேரையும் வரச் சொல்லிக் காலையில மேனேஜர் போன் பண்ணாரு. நான் அவகிட்ட படியிலயே சொல்லிட்டேன், "நீ போயி ஃபேனுக்கு அடியில உக்காரு, தண்ணி குடி. நான் பன்னெண்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்றாத"ன்னு. ஒரு பார்வை பாத்தா பாருங்க. அப்படியே உள்ள போயிட்டா.

மேனேஜர் பதினொன்றரைக்கு மதுரை ஆபீசுக்குக் கெளம்புறாராம். அதைச் சொல்லித்தான் முறைக்கிறா. எந்த மேனேஜர் சொன்ன நேரத்துக்குக் கெளம்பியிருக்கான், நீங்க சொல்லுங்க?

சரி, மணி என்ன இப்ப? பத்தே முக்காலா. கெடக்கட்டும்.

எதுக்கு இவ்வளவு பாக்குறேன்னு நெனைப்பீங்க. பட்டவனுக்குத்தான் தம்பி தெரியும். இந்த பேங்குக்காரங்க என் பேர்ல ஒரு கரும்புள்ளி குத்தி வச்சாங்க. ஒரு பைசா பாக்கி வைக்காத மனுசன் மேல. அந்தக் கதையைக் கேளுங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க யாரு மேல தப்புன்னு.

எனக்கு ஒரு ஓவர் டிராஃப்ட் கணக்கு இருந்துச்சு. இந்த பேங்கு இல்ல, வேற ஒண்ணு. பேரு வேணாம், அவங்களும் நல்லாருக்கட்டும். ஓவர் டிராஃப்ட்னா தெரியும்ல? கணக்குல நம்ம பணம் இல்லாட்டியும் இவ்வளவு வரைக்கும் எடுத்துக்கலாம், வந்ததும் போட்டுக்கலாம், எடுத்ததுக்கு மட்டும் வட்டி. பந்தல்காரனுக்கு அது இல்லாம முடியாது. முகூர்த்த மாசத்துல பணம் கொட்டும், மத்த மாசம் காத்தாடும். துணி வாங்கணும், மூங்கில் வாங்கணும், ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும். எல்லாத்தையும் அதுலதான் ஓட்டினேன். வட்டியை மாசம் பொறந்தா கட்டிருவேன். சாமி சத்தியமா ஒரு மாசம் தவறலை.

அந்தக் கணக்கை வருசா வருசம் புதுப்பிக்கணும். ஒரு கட்டுப் பேப்பரைக் கொண்டு வந்து நீட்டுவாங்க, கையெழுத்துப் போட்டா இன்னும் ஒரு வருசத்துக்கு ஓடும். ரெண்டு வருசம் முன்னாடி அது எப்ப வந்துச்சு தெரியுமா? ஆடியில. அந்த பேங்குல ஒரு ஆபீசர், சுதர்சன்னு பேரு, பொடிப்பய, பேன்ட்டு சட்டையை இன் பண்ணிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான். "சார், கையெழுத்துப் போடுங்க"ங்கிறான். நான் கேட்டேன், "தம்பி, உங்க வீட்டுல ஆடி மாசம் பொண்ணு பாக்கப் போவாங்களா?" இல்லைன்னான். "பொறகு? ஆடியில எவனாச்சும் ஒண்ணைப் புதுசாத் தொடங்குவானா? ஆவணி பொறக்கட்டும், நானே வந்து போடுறேன்." அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "சார், இது புதுசு இல்ல, புதுப்பிக்கிறதுதான்"னு என்னமோ சொன்னான். காப்பி குடுத்து அனுப்பிட்டேன்.

என்ன கேட்டீங்க? ஆடியில நான் பந்தல் போட மாட்டேனான்னா? ஏன் போடாம? ஆடியிலதான தம்பி மாரியம்மன் கோயிலு, காளியம்மன் கோயிலு, கூழ் ஊத்துறது, முளைப்பாரின்னு நிக்க நேரம் இருக்காது! அது சாமி காரியம், அதுக்கு நாள் கெடையாது. அட்வான்ஸா? வாங்குவேன். வர்ற லட்சுமியை ஆடின்னு திருப்பி அனுப்ப முடியுமா? நீங்க ஒண்ணு.

அப்புறம் ஆவணி பொறந்துச்சு. போலாம்னு சட்டையைப் போட்டா, அன்னைக்கு அஷ்டமி. சரின்னு விட்டேன். வளர்பிறை வரட்டும்னு பாத்தேன், வந்தப்ப முகூர்த்தம் மேல முகூர்த்தம், மூச்சு விட முடியலை. புரட்டாசி வந்துச்சு, மகாளய பட்சம். செத்தவங்களுக்குத் தண்ணி இறைக்கிற பதினஞ்சு நாள்ல கடன் பத்திரத்துல கை வைப்பாங்களா? நானே முடிவு பண்ணி, விஜயதசமி அன்னைக்குப் போட்டா தொட்டதெல்லாம் துலங்கும்னு வேட்டி கட்டிக்கிட்டு, விபூதி பூசிக்கிட்டு அந்த பேங்குக்குப் போனேன்.

பேங்கு லீவு.

பாருங்க, நல்ல நாள்ல தொறந்து வைக்க அவங்களுக்குத் துப்பில்ல. மறுநாள் வேலை, அதுக்கு மறுநாள் கரிநாள். ஒரு வழியா ஐப்பசியில, அதுவும் இந்திராணி கையைப் புடிச்சு இழுக்காத கொறையா கூட்டிட்டுப் போயி, போட்டேன். அந்த சுதர்சன் மாறிப் போயிட்டான். புது ஆளு வாங்கி வச்சுக்கிட்டாரு. நானும் மறந்துட்டேன். அடுத்த வருசம் ஒரு பெரிய மண்டபத்துல வருசக் காண்ட்ராக்ட் கெடைச்சுச்சு, மொத்தத்தையும் கட்டி அந்தக் கணக்கையே முடிச்சுட்டேன். முடிச்சது நல்ல முகூர்த்தத்துல. அதுல ஒரு கொறையும் வரலை பாருங்க.

இப்ப வீட்டு விஷயத்துக்கு வர்றேன். நாங்க வாடகைக்கு இருக்கிற வீடு பர்வீன் டீச்சரோடது. ரிட்டயர்டு டீச்சர். தங்கமான மனுசி. முன் ரூம்புல இந்திராணி கிரைண்டர் போட்டு இட்லி மாவு விக்கிறா. சும்மா இல்ல தம்பி, காலையில ஆறு மணிக்கு வாசல்ல ஆளு நிக்கும். அந்த வீட்டுக் கெணத்துத் தண்ணிக்குத்தான் மாவு அப்படிப் பொங்குதும்பா. வேற தண்ணியில ஒரு நாள் அரைச்சா, கல்லு மாதிரி உக்காந்துருச்சு.

டீச்சருக்கு முட்டி வலி, மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டுட்டான். வீட்டை விக்கப் போறாங்க. "இந்திராணி, உனக்குத்தான் முதல்ல கேக்குறேன். பேங்குக் கடன் வாங்கிக்க. முடியலைன்னாத்தான் வேற ஆளுக்கு"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அவ தூங்கலை. சுவத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா. நான் கேட்டா, ஒட்டடைங்கிறா.

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு இந்த பேங்குக்கு வந்தேன். மாயழகுக்குக் கடன் குடுக்காம யாருக்குக் குடுப்பான்? மேனேஜர் நல்ல மனுசன்தான், தேனிப் பக்கம். கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு மூஞ்சி ஒரு மாதிரி போச்சு. "சார், உங்க சிபில் சரியில்லையே"ன்னாரு. எனக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே அப்பத்தான் தெரியும். நம்ம எங்க கடன் வாங்கினோம், எப்படிக் கட்டினோம்னு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கானாம். நான் சொன்னேன், "அப்ப ஜாதகம்னு சொல்லுங்க."

அந்த ஜாதகத்துல ரெண்டு தோஷம் தம்பி. ஒண்ணு, ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் ஓவர் டிராஃப்ட்டைப் புதுப்பிக்கலை, கெடு தவறிட்டாருன்னு. இன்னொண்ணு அதை விட அநியாயம். நான் ஐப்பசியில கையெழுத்துப் போட்ட பொறகும், அதை அந்தப் புது ஆளு சிபிலுக்குச் சொல்லவே இல்ல போல. கணக்கை முடிக்கிற வரைக்கும் மாயழகு பாக்கி, மாயழகு பாக்கின்னே ஏறிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு மண்டையில ரத்தம் ஏறிருச்சு. அந்த மேசையிலயே கத்திட்டேன். "யாரு பாக்கி? எவனுக்குப் பாக்கி?" வாட்ச்மேன் வந்துட்டான். நம்ம பந்தல்ல கல்யாணம் பண்ணவன்தான், அதனால கையைப் புடிச்சு வெளிய கொண்டாந்து விட்டான்.

மேனேஜர் இந்திராணிகிட்ட சொல்லியிருக்காரு, அதை மறுத்து அந்தச் சிபில்காரங்களுக்கே எழுதிப் போடலாம், தப்பா இருந்தா எடுத்துருவாங்கன்னு. போன்லயே போடலாமாம். அவ போன்ல ஏத்துனா, நான் சொல்லச் சொல்ல. அவ சொன்னா, "அந்த ரெண்டாவதை மட்டும் எழுதுவோம்ங்க. அதுதான் அவங்க தப்பு." அதெப்படி? மொதல் தோஷத்துக்குத்தான காரணமே இருக்கு! ஆடி, அஷ்டமி, மகாளயம், கரிநாள், பேங்கு லீவு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதச் சொன்னேன். எடம் பத்தலைன்னா. சுருக்கி, ஆனா எதையும் விடாம எழுதுன்னேன். "இதை வடக்க எவனாச்சும் படிச்சா என்ன நெனைப்பான்"னா. "அவனுக்கும் ராகு உண்டு, கேது உண்டு, எழுதுடி"ன்னுட்டேன்.

ரெண்டையும் சேத்து நிராகரிச்சுட்டாங்க. ஒரு வரி. சிரிக்காதீங்க தம்பி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த வாரம்தான் வீட்டை வெலைக்குக் கேட்டு ஒரு செல்போன் கடைக்காரன் வந்தான். டீச்சர் என்ன பண்ணுவாங்க பாவம், நாங்க இழுத்துக்கிட்டே இருந்தா? வந்தவன் டேப்பை எடுத்து இந்திராணியோட கிரைண்டர் ரூம்பை அளக்குறான். "இந்தச் சுவத்தை எடுத்துட்டு ஷட்டர் போட்டுரலாம், அந்தக் கெணத்தை மூடிரலாம்"னு கூட வந்தவன்கிட்ட சொல்றான். அவ கையில மாவோட நிக்கிறா. கையில இருந்து மாவு தரையில சொட்டுது, அதைக்கூடப் பாக்கலை. எத்தனை கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருக்கேன், இவளுக்குன்னு ஒரு கூரை போட முடியலையேன்னு தோணுச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

மணி என்ன? பதினொண்ணு தாண்டிருச்சா. இருங்க, இருங்க, முக்கியமான எடம் இதுதான்.

சும்மா இருக்க முடியுமா? ஜோசியர்கிட்ட ஓடினேன். அவரு கட்டத்தைப் பாத்துட்டு, "உங்களுக்குச் சனி வக்கிரமா இருக்கான். ஒம்பது சனிக்கிழமை நவக்கிரகத்தைச் சுத்துங்க, எள்ளு விளக்குப் போடுங்க"ன்னாரு. சிவன் கோயிலுக்கு விடாம போனேன். மழையில கூடப் போனேன். இந்தப் பக்கம் நான் பந்தல் வேலைக்கு ராஜபாளையம் போயிருந்த நேரத்துல இந்திராணி என்னமோ அந்த பழைய பேங்குக்குப் போயி, நான் வட்டி கட்டின சீட்டு, கையெழுத்துப் போட்ட நகலு, அதெல்லாம் வாங்கி, ரெண்டாவது தோஷத்தை மட்டும் மறுபடியும் எழுதிப் போட்டாளாம். நாலு தடவை அலைஞ்சாளாம். கொஞ்ச நாள்ல பதில் வந்துருச்சு. ரெண்டாவது போயிருச்சு! சுத்தமா எடுத்துட்டாங்க!

எது வேலை செஞ்சுச்சு பாருங்க. எள்ளு விளக்கு. அப்ப ஏழாவது சனிக்கிழமைதான் நடந்துக்கிட்டு இருந்துச்சு, அதுக்குள்ளயே பலன். இந்திராணிகிட்ட சொன்னேன். "ஆமாங்க, சனீஸ்வரன்தான் அந்த பேங்குல கவுண்டர்ல உக்காந்திருந்தாரு"ன்னா. வாய்க்கொழுப்பு. ஆனா சாமி விஷயத்துல வெளையாடக் கூடாதுல்ல.

மொதல் தோஷம் மட்டும் நிக்குது. மேனேஜர்கிட்ட மறுபடியும் கேட்டேன். "அது தப்பு இல்லையே சார், நடந்ததுதான? நடந்ததை யாராலயும் அழிக்க முடியாது. காலம் போகப் போகத்தான் அதோட வீரியம் கொறையும்"னாரு. "அதைத்தான சார் நானும் ஆடியில இருந்து சொல்றேன், காலம் பாக்கணும்னு!" அந்த மனுசன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் இந்திராணியோட ஜாதகத்தையும் தட்டிப் பாத்தாரு. அவ மகளிர் குழுவுல கடன் வாங்கியிருக்கா. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கட்டுவா. மூணு மணிக்கு மேல, கொழுத்த ராகு காலத்துல! எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கேன். ஆனா அதுல ஒரு புள்ளி இல்ல. கண்ணாடி மாதிரி இருக்காம். மாவுக் கடையில அந்தச் செல்போனை நீட்டிப் பணம் போடுற அட்டை மாட்டுனப்ப, "மாவு விக்கிறவளுக்கு எதுக்குடி இது"ன்னு நான் சிரிச்சேன். இப்ப அந்த வரவை வச்சுத்தான் அவளுக்கு வருமானம் இருக்குன்னு காட்டியிருக்காங்க. மேனேஜர் சொன்னாரு, "மேடத்தை முதல்ல போடுறேன். உங்களைச் சேக்கலாமா வேணாமான்னு மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்." வேணாமாவது! வீட்டு ஆம்பளை பேரு இல்லாமயா வீடு? இன்னைக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டுட்டாங்கன்னா என்ன அர்த்தம், என் பேரும் இருக்குன்னுதான?

இதுல ஒரே ஒரு இக்கட்டு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேங்குக் கடிதத்தைக் காட்டலைன்னா டீச்சர் அந்த ஷட்டர்காரன்கிட்ட அட்வான்ஸ் வாங்கிருவாங்க. அவங்க மகன் டிக்கெட்டே போட்டுட்டான். நாளைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, பேங்கு லீவு. திங்கக்கிழமை மார்கழி பொறக்குது. மார்கழியில நான் எதுலயும் கை வைக்க மாட்டேன்னு இந்திராணிக்குத் தெரியும். அதான் காலையில மாவுல உப்பு ரெண்டு தடவை போட்டுட்டா. "இன்னைக்கு ஒரு நாளு, எனக்காக, ராகு காலத்துல வாங்க"ன்னு படியில கெஞ்சினா தம்பி. அவ கெஞ்சி நான் பாத்ததில்ல. எனக்கு ஒரு மாதிரியாத்தான் போச்சு. ஆனா அவ நல்லதுக்குத்தான சொல்றேன்? ஆசைப்பட்டு வாங்குற வீட்டை ராகு காலத்துல வாங்கி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?

அந்தா கார் கெளம்புது. அது மேனேஜர் கார்தான? அட, பதினொன்றரைக்கே கெளம்பிட்டாரே! நேரம் தவறாம கெளம்புற மேனேஜரை இப்பத்தான் பாக்குறேன்.

ஐயோ. போச்சா? தம்பி, போச்சா? இப்ப அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

இந்தா வர்றா. என்ன இது, மூஞ்சி அழுத மாதிரியும் இருக்கு, சிரிக்கிற மாதிரியும் இருக்கு. கையில என்னடி? கடிதமா? குடுத்துட்டாங்களா?

என்னது, ரெண்டு செட்டா?

தம்பி, கேட்டீங்களா அவ சொல்றதை? மேனேஜர் ரெண்டு செட்டுப் பேப்பர் வச்சிருந்தாராம். என் பேரு சேந்தது ஒண்ணு, சேராதது ஒண்ணு. சேந்தா அந்த ஆடிப் புள்ளிக்காக வட்டி கூடவாம், சேரலைன்னா கொறைவாம். "சார் வர்றாரா"ன்னு கேட்டாராம். இவ கதவைப் பாத்தாளாம், ஜன்னல் வழியா நான் இங்க உங்க கூடப் பேசிக்கிட்டு இருக்கிறதைப் பாத்தாளாம். "வரலை சார்"ன்னுட்டாளாம். இந்தா, இந்திராணி, இந்திராணி, இந்திராணின்னு எல்லாப் பக்கத்துலயும் அவ கையெழுத்துதான்.

என் பேரு எங்கடி?

"உங்க பேரு ஆவணி பொறந்ததும் வரும்"ங்கிறா. "இனிமே வாடகையை என்கிட்ட குடுங்க"ங்கிறா. ஜெராக்ஸ் கடைக்காரர் முன்னாடி, பாருங்க தம்பி. கண்ணுல தண்ணி நிக்குது, வாய் மட்டும் அடங்க மாட்டேங்குது. சிரி, சிரி. இப்படிச் சிரிச்சு எத்தனை மாசமாச்சு.

ஸ்கூட்டர்ல ஏறச் சொல்றா. டீச்சர் வீட்டுக்கு இப்பவே போகணுமாம். மணி என்ன தம்பி? பன்னெண்டு ஆகலையே! இந்திராணி, நீ முன்னாடி போ. நான் பன்னெண்டு அடிச்சதும் பஸ்ஸுல வந்துர்றேன்.

போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கலை.

நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? நகை திருப்பப் போறீங்களா? இப்பவா? சரி, போங்க, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணை மட்டும் கேட்டுட்டுப் போங்க. ராகு காலத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னேன்ல? போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? வட்டி கூடப் போயிருக்கும். நான் போடலை. அதான் தம்பி வீடு கெடைச்சுச்சு.